மேட்டில் ஓடும்போது எங்கே தப்பு நடக்கிறது? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

சிங்கப்பூரில் மலை ஏறி ஓடுகிறேன் என்று சொன்னால் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். நியாயம்தான். இங்கே இயற்கையாக அமைந்த ஆக உயரமான இடமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர் சொச்சம்தான். ஃபேபர் மலை அதைவிடக் குட்டை. ஃபோர்ட் கேனிங்கை மலை என்று சொல்லவே கொஞ்சம் தைரியம் வேண்டும்.

நம்மூர் ஓட்டக்காரர்களின் மேட்டுப் பழக்கம் கெட்டுப்போவதற்கு இந்தக் குட்டை மேடுகளே காரணம் என்பது என் கட்சி. ரெண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் ஏற்றத்தில் எப்படி ஓடினாலும் மேலே போய்ச் சேர்ந்துவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, உச்சியில் முட்டியில் கைவைத்து மூச்சு வாங்கிவிட்டு, அப்புறம் ஜம்மென்று இறங்கிவிடலாம். தப்பு இருப்பதே தெரியாது. அதே ஆளை ஃபேபர் மலையை விடாமல் நாலு முறை ஏறி இறங்கச் சொன்னால், அல்லது 4,095 மீட்டர் உயரக் கினபாலுவுக்குக் கூட்டிப் போனால், ஒவ்வொன்றாக வெளியே வரும்.

கீழே இருப்பவை ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் அடிக்கடி காதில் விழும் புகார்கள். உங்கள் புகார் எதுவோ நேராக அங்கே போய்விடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே மேடு, அதே சப்பாத்து, ஏறக்குறைய அதே நேரம். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

“பாதி மேட்டிலேயே மூச்சு முட்டுது”

முதலில் எந்த இடத்தில் முட்டுகிறது என்று பாருங்கள். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே மூச்சு போய்விட்டால் கோளாறு மேட்டில் இல்லை, மேட்டுக்கு முன்னால் இருக்கிறது. ஏற்றம் கண்ணில் பட்டதும் பலருக்குத் தெரியாமலேயே வேகம் கூடிவிடும். ஓடி ஏறிவிடலாம் என்ற நினைப்பு. அடிவாரத்திலேயே இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டால் மிச்சத்துக்கு என்ன செய்வது?

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 100 மீட்டர் முன்னால் போகும்போது 10 மீட்டர் உயர்ந்தால் அது 10 சதவீத ஏற்றம். அதில் ஒவ்வொரு மீட்டருக்கும் சமதளத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும். அதாவது, தட்டையான ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் ஓடுகிறவர், அதே முயற்சியில் இந்த ஏற்றத்தில் 9 நிமிடத்தை ஒட்டித்தான் ஓட முடியும். ஏழு நிமிடத்தில் ஏறுகிறேன் என்று நிற்பவர் உண்மையில் சமதளத்தில் 5 நிமிடத்துக்கும் குறைவான வேகத்தில் ஓடும் பாடுபடுகிறார். மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? 10 சதவீதம் எவ்வளவு செங்குத்து என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால், சக்கர நாற்காலிக்காகக் கட்டும் சாய்வுப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அது 12 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, அதாவது 8 சதவீதம். 10 அதைவிடக் கொஞ்சம் செங்குத்து.

கைக்கடிகாரத்தை நம்பி இதைச் சரிசெய்ய முடியாது. மரம் அடர்ந்த இடத்தில் ஜிபிஎஸ் வேகம் தாறுமாறாகக் காட்டும். இதயத் துடிப்பு எண்ணோ தாமதமாகத்தான் ஏறும். நம் மேடுகளில் அந்த எண் உண்மைக்கு வந்து சேர்வதற்குள் உச்சியே வந்துவிடும். அதனால் வாயை நம்புங்கள். ஏறும்போது உங்கள் வீட்டு முகவரியைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: புளோக் எண், தெரு, மாடி எண், கடைசியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. தெருப் பெயருக்கும் மாடி எண்ணுக்கும் நடுவில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு முடிக்க முடிந்தால் வேகம் சரி. புளோக் எண்ணுக்கே திணறினால் குறையுங்கள். பக்கத்தில் போகிறவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

சரிசெய்யும் முறை இதுதான். ஏற்றம் தொடங்குவதற்கு ஐம்பது மீட்டர் முன்னாலேயே வேகத்தைத் தளர்த்துங்கள். முதல் மூன்றில் ஒரு பங்கு, ‘இவ்வளவு மெதுவாகவா’ என்று உங்களுக்கே கூச்சமாக இருக்கவேண்டும். அடியின் நீளம் குறையட்டும், தாளம் குறையக்கூடாது. சமதளத்தில் 30 விநாடிக்கு வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். 42 என்றால் நிமிடத்துக்கு மொத்தம் 168 அடி. மேட்டிலும் அந்த 42-ஐ ஒட்டியே இருக்கவேண்டும், ஒவ்வொரு அடியும் மட்டும் குட்டையாக. எண்ணிக்கை 35, 36 என்று இறங்கியிருந்தால் நீங்கள் நீள நீள அடிகளாகத் தாவி ஏறுகிறீர்கள்.

சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, மேட்டை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பங்குக்கான நேரம் முதல் பங்குக்கான நேரத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

இவ்வளவு மெதுவாகப் போயும் முட்டினால் நடந்துவிடுங்கள். இதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை. ரொம்பச் செங்குத்தான இடத்தில், மெதுவான வேகத்தில், ஓடுவதைவிட நடப்பதற்குக் குறைந்த சக்தி போதும். மலையோட்டப் பந்தயங்களில் முன்வரிசை ஆட்களே தொடையில் கையை ஊன்றி நடப்பார்கள். புக்கிட் தீமாவில் பார்வையாளர் நிலையத்தைத் தாண்டியதும் தார்ச்சாலை எடுத்த எடுப்பிலேயே செங்குத்தாக எழும்பும். அங்கே குதித்துக் குதித்து ‘ஓடுகிறவரும்’ நீட்டி நடக்கிறவரும் பல நேரம் ஒன்றாகத்தான் மேலே போய்ச் சேர்கிறார்கள். நடந்தவர் பேசிக்கொண்டே போயிருப்பார்.

“கெண்டைக்கால் எரியுது, கல்லு மாதிரி இறுகிடுது”

இந்தப் புகாரோடு வருகிறவர்களில் பாதிப் பேர் நன்றாக ஓடுகிறவர்கள். போன மழைக்காலத்தில் ஒரு தம்பி எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் சேர்ந்தார். தேசிய சேவை முடித்தவர். உடலுறுதிச் சோதனையின் 2.4 கிலோமீட்டரை அசால்டாக ஓடுவார். ஃபேபர் மலைச் சாலையில் ரெண்டாவது சுற்றிலேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டார். “அண்ணே, மூச்சு நல்லா இருக்கு. கால்தான் வர மாட்டேங்குது.”

சப்பாத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டச் சொன்னேன். முன்பாதத்துக்குக் கீழே ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. குதிகால் பக்கம் கடையில் வாங்கியபோது இருந்த கோடுகள் அப்படியே இருந்தன. அடுத்த சுற்றில் அவருக்குப் பின்னாலேயே போனேன். ஏற்றம் முழுக்க அவருடைய குதிகால் ஒரு தடவைகூடத் தரையைத் தொடவில்லை.

மேட்டில் முன்பாதம் முதலில் படுவது தப்பில்லை, சரிவே அப்படித்தான் செய்யவைக்கும். பட்ட பிறகும் குதிகாலைத் தூக்கியே வைத்திருப்பதுதான் தப்பு. அப்போது உடம்பின் மொத்தப் பாரத்தையும் கெண்டைக்கால் ஒவ்வொரு அடியிலும் தாங்கிப் பிடிக்கிறது, ஒரு நொடி ஓய்வு இல்லாமல். சமதள ஓடுபாதையில் இது வேகம் தரும். ஏற்றத்தில் பத்து நிமிடத்தில் பழிவாங்கும்.

தம்பியிடம் சொன்னது ஒரு வரிதான்: “முன்பாதம் பட்டதும் குதிகாலும் தரையைத் தொட்டுட்டு வரட்டும்.” அழுத்தி ஊன்ற வேண்டாம், தொட்டால் போதும். பின்னால் வந்தவனுக்குச் சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ‘டக் டக்’ என்று தனித்தனியாகக் கேட்டது, ‘தப் தப்’ என்று தட்டையாக ஆனது. அவருக்கு மட்டும் ரொம்ப மெதுவாக ஓடுவதுபோல் இருந்ததாம். மெதுவாகத்தான் ஓடினார். ஆனால் உட்காரவில்லை.

குதிகால் தொட மறுத்தால், பழக்கத்தாலா கணுக்கால் இறுக்கத்தாலா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் 10 சென்டிமீட்டர் இடைவெளி. குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா? முடிந்தால் கணுக்காலில் குறை இல்லை, பழக்கத்தை மாற்றினால் போதும். முடியாவிட்டால், அல்லது ஒரு கால் தொட்டு இன்னொரு கால் தொடாவிட்டால், தினமும் இதே நிலையில் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து இளக்கவேண்டும். இது வாரக்கணக்கில் ஆகும் வேலை.

அடுத்தது பலம். சுவரில் விரலை மட்டும் ஊன்றிக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை முழுசாக உயர்த்தி இறக்குங்கள். ஓடுகிறவர் 20 முதல் 25 முறை நிற்காமல் செய்யவேண்டும் என்பது பிசியோதெரபிஸ்ட்டுகள் பொதுவாக வைக்கும் அளவு. பன்னிரண்டிலேயே கால் நடுங்கினால் மேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. முட்டியை நிமிர்த்தி ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை என்று ரெண்டு விதமாகவும் செய்யுங்கள். மடக்கிச் செய்யும்போது உள்ளடுக்குத் தசைக்கு வேலை போகும், மேட்டில் அதற்குத்தான் பெரிய பங்கு.

ஒரு எச்சரிக்கை. எரிச்சலும் வலியும் ஒன்றல்ல. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரில், அதாவது கணுக்காலுக்குப் பின்னால் கயிறுபோல் தட்டுப்படுமே அதில், காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் விறைப்பாக வலித்தால் மேட்டு ஓட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுச் சமதளத்துக்கு மாறுங்கள். வலி சரியாகக் குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் இருந்தால், படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடும் பயிற்சியைச் செய்யாதீர்கள், அது இன்னும் நசுக்கும். குதிப்பகுதி தாழ்ந்த சப்பாத்துக்கு அண்மையில் மாறியிருந்தாலும் இந்தத் தசைநாருக்குச் சுமை கூடியிருக்கும். ஓடும்போது ‘பட்’ என்று யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் இருந்து, அப்புறம் காலை ஊன்றி எம்ப முடியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

“மேலே போறதுக்குள்ள இடுப்பு பிடிச்சுக்குது”

பக்கவாட்டிலிருந்து யாரையாவது கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பத்து விநாடிப் படம் போதும். காது, இடுப்பு, கணுக்கால் மூன்றும் ஒரே சாய்கோட்டில் இருக்கவேண்டும். இடுப்பு மட்டும் பின்னால் தள்ளி, மேலுடம்பு முன்னால் மடிந்து, நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர்போல் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

‘மேட்டில் முன்னால் சாய்ந்து ஓடு’ என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம், எங்கிருந்து சாய்வது என்று சொல்வதில்லை. கணுக்காலிலிருந்து சாயவேண்டும். இடுப்பில் மடிந்தால், கால் பின்னால் முழுசாக நீள முடியாது. பிட்டத் தசை வேலை செய்யாது. தொங்கும் மேலுடம்பைக் கீழ்முதுகு ஏற்றம் முழுக்கப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். வலிக்காமல் இருக்குமா?

பெரும்பாலும் இது கண்ணிலிருந்து தொடங்குகிறது. களைப்பு வந்ததும் பார்வை சொந்தச் சப்பாத்துக்கு இறங்கும், பார்வையோடு தலை, தலையோடு தோள். பார்வையை ஐந்தாறு மீட்டருக்கு முன்னால் உள்ள தரையில் வையுங்கள். உச்சியைப் பார்க்க வேண்டாம், அது மனதை உடைக்கும், கழுத்தையும் பிடிக்கும். சாய்வு பிடிபட, ஏறுவதற்கு முன் நேராக நின்று, உடம்பை வளைக்காமல் கணுக்காலிலிருந்து முன்னால் சாயுங்கள். விழப்போகிற கணத்தில் ஒரு கால் தானாக முன்னே வரும். அந்தச் சாய்வோடு அப்படியே ஓட ஆரம்பியுங்கள். சில பேர் ‘நெஞ்சை நிமிர்த்து’ என்பதைக் கேட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து ஏறுகிறார்கள். அது இன்னும் மோசம்.

நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் வேலைக்காரர்களுக்கு இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கியே இருக்கும். வேலை முடிந்து நேராக ஓட வருகிறவர்கள் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி அந்த இடத்தை ஒரு நிமிடம் இழுத்துவிட்டு ஓடினாலே பாதி சரியாகும்.

“தொடை கனத்துப்போகுது, காலைத் தூக்கவே முடியலை”

சமதளத்தில் ஒவ்வொரு அடியிலும் தசைநார்கள் இழுபட்டுச் சுருங்கி, கொஞ்சம் சக்தியைத் திருப்பித் தருகின்றன. ஏற்றத்தில் அந்தத் திருப்பித்தரல் குறைந்துவிடும். உடம்பை உயர்த்தும் வேலையைத் தசைகள் ரொக்கமாகச் செய்தாக வேண்டும். அதனால் கனப்பது ஓரளவுக்கு இயல்புதான். முன்தொடை மட்டும் தனியாகக் கனத்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

பாதம் எங்கே படுகிறது என்று பாருங்கள். முட்டிக்கு முன்னால் எட்டிப் பட்டால், ஒவ்வொரு அடியிலும் உங்களை நீங்களே இழுத்து ஏற்றுகிறீர்கள். பாதம் உடம்புக்குக் கீழே பட்டு, தரையைப் பின்னால் தள்ளினால் பிட்டமும் பின்தொடையும் வேலைக்கு வரும். ‘முட்டியைத் தூக்கு’ என்று மனசுக்குள் சொல்வதை விட்டுவிட்டு ‘தரையைத் தள்ளு’ என்று சொல்லிப் பாருங்கள். கைகளும் அப்படியே: முன்னால் குத்த வேண்டாம், முழங்கையைப் பின்னால் வீசுங்கள். கை தளர்ந்தால் காலும் கூடவே தளரும்.

அப்படியும் கனத்தால் பலம் போதவில்லை. இதற்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிப் படிக்கட்டைவிட நல்ல இடம் கிடையாது. ரெண்டு ரெண்டு படியாக, கைப்பிடியைத் தொடாமல், முழுப் பாதத்தையும் ஊன்றி நடந்து ஏறுங்கள். ஓட வேண்டாம். பன்னிரண்டு மாடி ஏறினால் முப்பது மீட்டருக்கு மேல் ஏறிய கணக்கு. இறங்குவதற்கு லிஃப்ட் இருக்கிறது, முட்டியும் தப்பித்தது. மாலை ஏழு மணிக்கு மட்டும் போகாதீர்கள், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் காய்கறிப் பையோடு படியில் வருவார்கள்.

“கால் பின்னால வழுக்குது”

ஈர இலை, பாசி, நனைந்த மரப்பலகை. நம்மூரில் மழைக்கு அடுத்த நாள்கூடக் காட்டுப்பாதை காயாது. அடியைக் குட்டையாக்குங்கள், பாதத்தைத் தட்டையாக வையுங்கள், விரல் நுனியால் எம்பாதீர்கள். மரப்பலகைப் பாதையில் நடந்துவிடுவது உத்தமம். காய்ந்த தார்ச்சாலையிலும் வழுக்கினால் சப்பாத்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

“படிக்கட்டு வந்தா தாளமே போயிடுது”

ஹார்பர்ஃபிரண்ட் பக்கமிருந்து ஏறும் மாராங் பாதையிலும் புக்கிட் தீமாவின் உச்சியை ஒட்டியும் இது நடக்கும். பத்துமலையின் 272 படிகளைப்போல வரிசையாக அமைந்த படியில் தாளம் பிடிக்கலாம். ஒன்று உயரம், ஒன்று அகலம் என்றிருக்கும் காட்டுப் படியில் தாளத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். எப்போதும் ஒரே கால்தான் உயரப் படியில் விழுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஆமென்றால் நடுவில் ஒரு குட்டை அடி வைத்துக் காலை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் ஒரு பக்கம் மட்டும் வலிக்கும், ஏன் என்றே புரியாது.

“உச்சிக்கு வந்ததும் அப்படியே நின்னுடறேன்”

குட்டை மேடுகள் வளர்த்துவிட்ட கெட்ட பழக்கங்களில் இதுதான் முதலாவது. உச்சியைப் பந்தய முடிவுக்கோடாக நினைத்துக் கடைசி முப்பது மீட்டரை விரட்டி ஓடி, மேலே போனதும் இயந்திரம் அணைந்துவிடும். மேட்டில் சேமித்த பத்து விநாடியை உச்சியில் முப்பது விநாடி நின்று தொலைக்கிறோம்.

முடிவுக்கோட்டைத் தள்ளிவையுங்கள். தரை சமமான பிறகு இருபது காலடி தள்ளி ஒரு விளக்குக் கம்பத்தையோ பெஞ்சையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். உச்சியைக் கடக்கும்போது வேகத்தைக் கூட்ட வேண்டாம். அதே தாளம், அதே மூச்சு. தரை தட்டையாக ஆக அடியின் நீளம் தானாகக் கூடும், அதைத் தடுக்காமல் இருந்தால் போதும். அந்தக் கம்பத்தில் முகவரியைச் சொல்ல முடியவில்லை என்றால் முதல் புகாருக்குத் திரும்பிப் போங்கள். உச்சியில் நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் கோளாறு அடிவாரத்தில்தான் இருக்கிறது.

“தலை சுத்துது, உடம்பு ஒரு மாதிரி இருக்கு”

இதை ஓட்ட நுணுக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நில்லுங்கள்.

மேட்டில் உடம்பு அதிக வெப்பத்தை உண்டாக்கும். அதே நேரம் வேகம் குறைவதால் உடம்பில் படும் காற்றும் குறையும். சமதளத்தில் ஓடும்போது நாமே உண்டாக்கிக்கொள்ளும் அந்தச் சிறு காற்றுதான் வியர்வையை உலர்த்துகிறது. காலை ஆறு மணிக்கு வெயில் இல்லாவிட்டாலும் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் ஊரில், மரங்கள் காற்றை மறைக்கும் ஏற்றத்தில், வியர்வை உலராமல் சொட்டிப் போகும். சொட்டிப்போன வியர்வையால் உடம்பு குளிராது. நிழல்தானே என்று புக்கிட் தீமாவை நம்பி ஏமாறுவது இப்படித்தான்.

2023 ஜூலை முதல் சிங்கப்பூரில் வெப்ப அழுத்த அறிவுரை நடப்பில் இருக்கிறது. வெறும் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாவற்றையும் சேர்த்து டிகிரி செல்சியஸில் கணக்கிடும் ஓர் எண்ணை வைத்துத்தான் அந்த அறிவுரை. 31-க்குக் கீழே என்றால் குறைவு, 31 முதல் 33-க்குள் மிதம், 33-ஐத் தொட்டால் அதிகம். மிதம் என்று வந்தால் சுற்றுகளைக் குறைப்பேன். அதிகம் என்று வந்தால் மேட்டுப் பக்கமே போகமாட்டேன்.

கூட ஓடுகிறவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், வெயிலில் குளிர்கிறது என்றால் அவருக்கே அது தெரியாது. நீங்கள்தான் பார்க்கவேண்டும். நிழலில் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழைத்து, கையில் இருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். குழப்பமாக இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றாலும் 995தான். ‘கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடும்ணே’ என்பதைக் கேட்கக்கூடாது.

இடி கேட்டால் உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள். மின்னல் அடிக்கடி விழும் ஊர் இது.

“ஏறும்போது ஒண்ணுமில்லை, மறுநாள் மாடிப்படி இறங்க முடியலை”

இந்தப் பழி இறக்கத்தைச் சேர்ந்தது. ஏறும்போது காலில் விழும் அதிர்ச்சி சமதளத்தைவிடக் குறைவு. இறங்கும்போதுதான் கூடும், முன்தொடை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடிக்கவேண்டும். அந்த வலி ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வந்து, தானாக அடங்கும். குதிகாலை முன்னால் குத்தி பிரேக் போடாமல், குட்டை அடிகளாகத் தாளத்தைக் கூட்டி இறங்குங்கள். மேட்டுப் பயிற்சி நாளில் இறக்கத்தை நடந்தே கடப்பது இன்னும் நல்லது. வலி தசையில் இல்லாமல் முட்டிச் சில்லுக்குக் கீழேயோ பக்கத்திலேயோ ஊசிபோல் குத்தினால் இரண்டு வாரத்துக்கு இறக்கமே வேண்டாம், அப்புறமும் இருந்தால் பிசியோவிடம் காட்டுங்கள்.

“ஜிம்முல 10 சதவீதம் ஓடறேன், வெளியே பாதிகூட முடியலை”

டிரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறீர்கள். கையை எடுத்துவிட்டு அதே எண்ணில் ஓடிப் பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும். கையை எடுக்க முடியாத சரிவு உங்களுக்கான சரிவு இல்லை. 5, 6 என்று இறக்கிக்கொள்ளுங்கள். ஜிம்மில் குளிர்சாதனமும் இருக்கிறது, வேகத்தை ஓடும் பட்டையே பார்த்துக்கொள்கிறது. வெளியே ரெண்டும் உங்கள் பொறுப்பு.

“எல்லாம் சரியாத்தான் செய்யறேன், ஆனா முன்னேற்றமே இல்லை”

வாரத்தில் ஆறு நாள் ஈஸ்ட் கோஸ்ட்டிலோ ரயில் பாதை நடைவழியிலோ தட்டையாக ஓடிவிட்டு, மாதத்துக்கு ஒரு முறை புக்கிட் தீமாவுக்குப் போனால் முன்னேற்றம் எப்படி வரும்? வாரம் ஒரு மேட்டு நாள் வேண்டும். ஒன்று போதும், ரெண்டு வேண்டாம்.

முதல் ஒரு மாதம் குட்டை ஏற்றங்கள்: நன்றாக உடம்பைச் சூடாக்கிவிட்டு, பத்து விநாடி திடமாக ஏறி, முழுசாக மூச்சு அடங்கும்வரை நடந்து இறங்குங்கள். ஆறு முறை. மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடுவதால் கவனம் முழுக்க உடம்பின் சாய்விலும் பாதம் படும் இடத்திலும் இருக்கும். அப்புறம் ஒரு நிமிட ஏற்றங்கள், கெண்ட் ரிட்ஜ் மாதிரி மிதமான சரிவில். அதற்குப் பிறகுதான் நீண்ட ஏற்றம். நம்மிடம் நீண்ட மேடு இல்லையே என்றால், ஃபேபர் மலையில் ஏறி, ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தைக் கடந்து, தெலுக் பிளாங்கா குன்றில் ஏறி, அதே வழியில் திரும்புங்கள். நிற்காமல் போனால் அது நீண்ட மேடுதான். பாலத்தில் படம் எடுக்கிறவர்கள் நடுவழியில் நிற்பார்கள், அங்கே நேரத்தைக் கணக்கில் வைக்காதீர்கள்.

பெடோக், தெம்பனிஸ் பக்கம் குடியிருந்து மேடே கண்ணில் படாதவர்களுக்கு மேம்பாலச் சாய்வுப் பாதை இருக்கிறது. மிதிவண்டிகளும் முதியவர்களும் வருவார்கள், அதனால் விடிவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் சரிவைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. திருப்பத்தில் வரும் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது.

முன்னேற்றத்தை அளக்க ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து, நாலு வாரத்துக்கு ஒரு முறை, அதே முகவரி வேகத்தில் ஏறி நேரத்தைக் குறித்துவையுங்கள். முழுவேகத்தில் ஏறிக் குறிக்க வேண்டாம், அது அன்றைய தூக்கத்தையும் ஈரப்பதத்தையும்தான் அளக்கும். மழை பெய்த மறுநாள் எடுத்த நேரத்தைக் காய்ந்த நாளோடு ஒப்பிடாதீர்கள். பேசிக்கொண்டே ஏறிய நேரம் மூன்று மாதத்தில் குறையவே இல்லை என்றால், ஒற்றைக் கால் குதிகால் பயிற்சியையும் படிக்கட்டையும் உண்மையிலேயே செய்தீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கும்.